குடிசன மதிப்பும் நமது கடமையும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



நமது கோயிலில் அன்னதானம் நடைபெறுவதற்கு முதல்நாள் மடைப்பள்ளியிலே ஒரு கேள்வி எழும். "நாளைக்கு எத்தனை இலை விழும்?" என்பதே அது. அதற்கு விடை தெரியாமல் உலையில் அரிசி போடுவார் எவருமில்லை. குறைத்து மதித்தால் கடைசிப் பந்தியில் இருப்பவர் பசியோடு எழுந்து போவார். கூட்டி மதித்தால் சோறு வீணாகும். நாட்டை நடத்துவோருக்கும் இதே கேள்வி உண்டு. அதற்கு விடை காணும் முயற்சியே குடிசன மதிப்பு.

இலங்கை முழுவதற்குமான முதலாவது குடிசன மதிப்பு 1871ஆம் ஆண்டிலே நடைபெற்றது. அன்று எண்ணப்பட்டோர் ஏறத்தாழ 24 இலட்சம் பேர். 2024ஆம் ஆண்டின் பதினைந்தாவது மதிப்பிலே அத்தொகை 2 கோடியே 17 இலட்சத்தைத் தாண்டியது. இவற்றுள் 1901ஆம் ஆண்டின் மதிப்பை அத்தியட்சராக இருந்து நடத்தியவர் நம்மவராகிய சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். அவர் எழுதிய அறிக்கை வெறும் எண்களின் அடுக்கு அன்று. நாட்டின் வரலாறு, மக்கள், சமயங்கள் ஆகியவற்றையெல்லாம் ஆராய்ந்து உரைக்கும் அரிய நூலாக அது அமைந்தது. மக்களை எண்ணும் வேலையை அப்பெரியார் அறிவுத் தொண்டாகவே கருதினார் என்பதை நம் இளைஞர்கள் மனங்கொள்ளல் வேண்டும்.

எண்ணப்படாதிருப்பதன் கேட்டை நம்மைவிட நன்கறிந்தவர் யாருமிலர். 1981இன் பின் 1991இல் நடக்கவேண்டிய மதிப்பு போரினால் நடைபெறவில்லை. 2001இல் நடந்தபொழுது பதினெட்டு மாவட்டங்களிலேயே அது முழுமை பெற்றது. நமது யாழ்ப்பாணம் அவற்றுள் ஒன்றன்று. 2012இலேதான் நாம் மீண்டும் முழுமையாக எண்ணப்பட்டோம். இடையே கழிந்தவை முப்பத்தொரு ஆண்டுகள்! 1981இல் கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்தோர் ஏறத்தாழ 8 இலட்சத்து 30 ஆயிரம் பேர். 2012இல் இரு மாவட்டங்களையும் கூட்டினாலும் 7 இலட்சம் தேறவில்லை. நாடு பெருகியது, நாம் குறைந்தோம். அக்குறைவை இன்று நாம் அறிந்து பேசுவதற்கும் ஆதாரமாயிருப்பது அந்த எண்ணிக்கையே.

2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலே வன்னியில் அகப்பட்டிருந்தோர் எத்தனை பேர் என்பதே ஒரு வழக்காயிற்று. அரசாங்கம் ஒரு தொகை சொன்னது. அங்கிருந்தோர் அதனிலும் மிகக் கூடிய தொகை சொன்னார்கள். பின்னர் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள். அரிசியும் மருந்தும் எண்ணைப் பார்த்தே அனுப்பப்படுவன. எண் குறைந்தால் எத்தனை இலைகள் வெறுமையாகும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பெரியோர்களே, வீடு தேடி வந்து பெயர் கேட்பவரைக் கண்டால் உங்கள் நெஞ்சு திடுக்கிடுவதை நான் அறிவேன். பெயர் எழுதிக்கொண்டு போனதன் பின் வந்த துன்பங்களை இவ்வூர் மறக்கவில்லை. அந்த அச்சத்தை அறியாமை என்று இகழ நான் துணியேன். ஆயினும் குடிசன மதிப்பு வேறு. அதற்கென 1900ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டம் உண்டு. தனி ஒருவர் கூறிய விடையை வெளியிடலாகாது. ஊரின் தொகை, மாவட்டத்தின் தொகை என்றே அவை வெளிவரும். அது வரி விதிக்கும் பட்டியலுமன்று, வாக்காளர் இடாப்புமன்று. வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் வேறாகத் திருத்தப்படுவது. அதிலும் நம் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது தனிக் கடமை.

2012இல் எங்கள் ஒழுங்கையிலே நடந்த ஒன்றைக் கூறுகின்றேன். கணக்கெடுக்க வந்தவர் ஓர் இளம் ஆசிரியர். பெற்ற பிள்ளைகள் எத்தனை என்று அவர் கேட்டபோது ஓர் ஆச்சி நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "தம்பி, இல்லாததுகளையும் எழுதுவியளோ?" என்றார். "ஓம் ஆச்சி, பெத்த எல்லாரையும் எழுதவேணும்; இருக்கிறவையை வேறாய் எழுதுவம்" என்றார் ஆசிரியர். "அப்ப ஆறு எண்டு எழுது ராசா" என்றார் ஆச்சி. நாங்களெல்லாம் அவருக்கு நான்கு பிள்ளைகள் என்றே எண்ணியிருந்தோம். அயலவராகிய நாங்கள் கேளாத கேள்வியை அந்தத் தாள் கேட்டது.

இனி நாம் செய்யவேண்டியன யாவை? முதலாவது, உண்மை சொல்லுதல். வெளிநாட்டில் குடியேறிவிட்ட மகனை அன்பினால் வீட்டில் இருப்பவனாகச் சேர்த்துச் சொல்லாதீர்கள். திண்ணையில் படுத்திருக்கும் முதியவரை மறந்தும் விட்டுவிடாதீர்கள். அங்கவீனமுற்ற பிள்ளையை மறைப்பது அப்பிள்ளைக்குச் செய்யும் அநீதி. எண்ணில் இல்லாதவனுக்கு உதவியும் இல்லை. இரண்டாவது, வீட்டில் ஒருவராவது எல்லோருடைய வயது, கல்வி, தொழில் ஆகியவற்றை அறிந்து வைத்திருத்தல். மூன்றாவது இளைஞர்களுக்கே உரியது. தனித்து வாழும் முதியோரின் வீடுகளையும், குடியிருப்புத் திட்டங்களில் ஒதுங்கி வாழ்வோரையும் நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும். மதிப்பு நடைபெறும் நாட்களில் அங்கெல்லாம் சென்று விளக்கம் கூறுங்கள். சாதி பார்த்து ஒரு படலையையேனும் தவிர்ப்பீர்களாயின் உங்கள் தொண்டு தொண்டாகாது.

இம்மதிப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தப்படுவது வழக்கம். அடுத்த முறை அலுவலர் வரும்பொழுது வாசலில் நின்று விடை கூறப்போகிறவர்கள் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளாகிய நீங்களே. படலையைத் திறவுங்கள், இருக்கச் சொல்லுங்கள், செம்பிலே தண்ணீர் கொடுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நமது ஊரில் எத்தனை இலை போடவேண்டும் என்பதை நாமே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்?