குழந்தைகளும் திரை நட்சத்திரங்களும்

நல்லேப்பிள்ளி என்னும் ஊரை நேயர்களுள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். பாலக்காட்டு மாவட்டத்தில், சித்தூருக்கு அருகே, தமிழ்நாட்டு எல்லையை அடுத்து இருக்கும் கிராமம் அது. சுற்றிலும் தென்னந்தோப்பும் நெல்வயலும். கடைகளின் பெயர்ப்பலகையில் மலையாளம் இருக்கும். வீட்டுத் திண்ணையிலோ மலையாளமும் தமிழும் மாறிமாறி ஒலிக்கும். உங்களைப் போல் நாங்கள் பிழைப்பைத் தேடி வெளிமாநிலம் சென்றவர்கள் அல்லோம். இருந்த இடத்திலேயே இருந்தோம். 1956-இல் மாநிலங்களின் எல்லை வகுக்கப்பட்டபோது எங்கள் ஊர் கேரளத்தில் அமைந்தது. ஆயினும், தமிழ்நாட்டுக்கு வெளியே ஒரு தமிழ்க் குழந்தையை வளர்ப்பது எத்தகையது என்பதை உங்களைப் போலவே நாங்களும் அறிவோம். அந்த உரிமையினால்தான் இன்று உங்களோடு பேச முற்படுகின்றோம்.

நாம் சிறுவராயிருந்த காலத்தில் தென்னை மட்டையே வாள். வீட்டுப் பெரியவரின் துண்டே அரசகுமாரனின் மேலாடை. கொட்டகையில் ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால், மறுநாள் மாலை தோப்பில் அதே படம் மீண்டும் நடக்கும். வில்லனாயிருக்க எவனும் உடன்படமாட்டான். அதற்கென்றே ஒருவனுக்கு முன்கூட்டியே நெல்லிக்காய் கொடுத்து வைக்க வேண்டியிருந்தது.

பின்னர் நாம் ஆசிரியரானோம். எண்பதுகளில் ஒரு சமயம் வகுப்பில் சுண்ணக்கட்டி வைக்க வைக்கக் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் கதவோரம் நின்று கவனித்தபோது காரணம் விளங்கிற்று. பையன்கள் சுண்ணக்கட்டித் துண்டை மேலே சுண்டி எறிந்து, அது கீழே வரும்போது உதட்டால் கவ்வப் பழகிக்கொண்டிருந்தனர். நடிகர் ரஜினிகாந்த் திரையில் சிகரெட்டை அவ்வாறு கவ்வுவார் அன்றோ? நமக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. அதே படங்களில் அவர் ஏற்ற நாயகர்கள் தாயைப் போற்றினார்கள், உழைத்து முன்னேறினார்கள், ஏழைகளுக்கு இரங்கினார்கள். அவற்றுள் எதையேனும் ஒத்திகை பார்த்த பையனை நாம் கண்டதில்லை. சுண்டி எறிவதைத்தான் ஒத்திகை பார்த்தார்கள்.

இதில் குழந்தையின் குற்றம் ஒன்றுமில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா என்னும் உளவியல் அறிஞரும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வு நடத்தி, அதனை 1961-இல் வெளியிட்டனர். மூன்று முதல் ஆறு வயதுக்குள் இருந்த 72 குழந்தைகள் அதில் பங்கு பெற்றனர். அவர்களுள் சிலருக்கு எதிரே பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையொன்றை உதைத்தும், சுத்தியால் அடித்தும், கடுஞ்சொல் கூறியும் காட்டினார். வேறு சிலர் அமைதியாக விளையாடும் பெரியவரைக் கண்டனர். எஞ்சியோர் எவரையும் காணவில்லை. பிறகு பொம்மையோடு விளையாட விடப்பட்டபோது, அடிப்பதைக் கண்ட குழந்தைகள் பலர் அதே முறையில் அடித்ததோடு, அதே சொற்களையும் சொன்னார்கள். 1963-இல் அச்செயலைத் திரைப்படமாகக் காட்டியபோதும் விளைவு அத்தகையதாகவே இருந்தது. இங்கே நாம் மனங்கொள்ள வேண்டியது ஒன்று. அந்தப் பெரியவர் நட்சத்திரம் அல்லர். குழந்தைகளுக்கு அன்புக்குரியவரும் அல்லர். யாரோ ஒருவர் பத்து நிமிடம் செய்து காட்டிய செயலே இவ்வாறு பதியுமாயின், ஆயிரம் கைகள் தட்டி ஆரவாரிக்கும் ஒருவரின் செயலைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? திரையில் புகைபிடிக்கும் காட்சிகள் இளையோரைப் புகைக்கத் தூண்டுகின்றன என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை 2012-இல் திட்டமாகவே கூறிவிட்டது. நம் நாட்டிலும், 2002-இல் வந்த 'பாபா' படத்தின் புகைக்காட்சிகளுக்குக் கண்டனம் எழுந்ததையும், 2018-இல் 'சர்க்கார்' படத்தின் விளம்பரத்தில் சிகரெட்டோடு நின்ற நாயகனின் படம் அரசின் எச்சரிக்கைக்குப் பின் நீக்கப்பட்டதையும் நேயர்கள் நினைவுகூரலாம்.

இத்தகைய ஆய்வுகளெல்லாம் வருவதற்கு முன்பே, பார்ப்பவர் தம்மைப் பின்பற்றுவர் என்பதை நன்குணர்ந்திருந்த ஒரு நடிகர் எங்கள் பகுதியோடு தொடர்புடையவர். நல்லேப்பிள்ளியிலிருந்து சித்தூர், தத்தமங்கலம், புதுநகரம் வழியாகச் சென்றால் வடவன்னூர் என்னும் ஊர் வரும். எம். ஜி. இராமச்சந்திரனின் அன்னையார் சத்தியபாமா அவ்வூரினர். அங்குள்ள அவர்கள் குடும்ப வீடு பழுதுபார்க்கப்பட்டு, 2019-இல் நினைவில்லமாகத் திறக்கப்பட்டது.

எம்.ஜி.ஆர். திரையில் புகைப்பதையும் குடிப்பதையும் ஒரு விரதம்போல் தவிர்த்துவந்தார் என்பது யாவரும் அறிந்த செய்தி. 1968-இல் வெளிவந்த 'ஒளிவிளக்கு' படத்தில் நாயகன் குடிக்கும் இடமொன்று வந்தது. அப்பொழுதும் அவனுடைய மனச்சாட்சியே பல உருவங்களில் எதிரே தோன்றி அவனை இடித்துரைப்பதாகக் காட்சியை அமைத்தார்கள். 1961-இல் வந்த ஒரு படத்துக்குத் 'திருடாதே' என்று பெயர். பெயரே சிறுவனுக்குச் சொல்லும் அறிவுரை. அதே ஆண்டில் வந்த 'அரசிளங்குமரி'யில் ஒரு சிறுவனை நோக்கிப் பாடும் பாடலைப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதியிருந்தார். அப்பாட்டு வெளிவருமுன்பே, 1959-இல், தம் 29-ஆம் வயதில் கவிஞர் மறைந்துவிட்டார். அதைக் கேட்ட சிறுவர் பலர் எம்.ஜி.ஆரே இயற்றிப் பாடியதாக நம்பினர்; நாமும் நம்பினோம். குரல் டி. எம். சௌந்தரராஜனுடையது என்று பின்னால் அறிந்தபோது சிறிது ஏமாற்றமாகவே இருந்தது என்பதை மறைப்பானேன்? எத்தனையோ எம்.ஜி.ஆர். படங்களுக்கு இசையமைத்த எம். எஸ். விசுவநாதன் இதே பாலக்காட்டு மாவட்டத்து எலப்புள்ளியில் 1928-இல் பிறந்தவர் என்பதும் எங்கள் சிறுவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு நட்சத்திரத்தின் ஒளியில் பலருடைய விளக்குகள் கலந்திருக்கின்றன. இதைக் குழந்தைக்கு எடுத்துச் சொன்னால் அதன் வியப்பு குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. எங்கள் அனுபவத்தில் அது கூடியே இருக்கிறது.

நல்லதையே காட்டிய நடிகர் இருந்தாரே, அவ்வளவு போதாதா என்று நேயர்கள் கேட்கலாம். போதவில்லை. 1987 டிசம்பர் 24-ஆம் நாள் அவர் மறைந்தபோது துயரம் தாங்காமல் தம் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் உண்டு. திரையில் அவர் சோர்ந்துபோனவனைத் தூக்கி நிறுத்தினார்; வாழச் சொன்னார். அவரை நேசித்த சிலர் அதைக் கேட்கவில்லை. பின்பற்றுவது வேறு, வழிபடுவது வேறு. பின்பற்றுகிறவன் நட்சத்திரத்தின் செயலைப் பார்க்கிறான்; வழிபடுகிறவன் முகத்தை மட்டும் பார்க்கிறான். குழந்தையிடம் இவ்விரண்டும் ஒன்றாகத்தான் முளைக்கின்றன. பிரித்துக் காட்ட வேண்டியவர் அருகிலிருக்கும் பெரியவர்.

2025 செப்டம்பர் 27 அன்று கரூரில், நடிகர் விஜய் தொடங்கிய கட்சியின் கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் 41 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். அதன் பொறுப்பை ஆராய்வது இப்பேச்சின் வேலையன்று. பிள்ளையை இழந்தவரைக் குறைகூற நமக்கு நாவும் எழாது. நாமும் ஒருமுறை, ஒரு நடிகர் வரும் வழியில், நான்கு வயது மகனைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றவர்கள்தாம். மகன் அழுதான், தண்ணீர் கேட்டான். நமக்கு நடிகரைக் காண வேண்டும். கூட்டம் கலைந்தபின் வீட்டுக்கு வந்தோம், ஒன்றும் நேரவில்லை. ஒன்றும் நேரவில்லை என்பதனால் நாம் செய்தது சரியாகிவிடாது. குழந்தை தானாக அவ்விடங்களுக்குப் போவதில்லை. நம் தோளின்மேல் ஏறித்தான் போகிறது.

இனி, வெளிமாநிலத்தில் இருக்கும் நேயர்களுக்கே உரிய ஒரு செய்தி. மும்பையிலோ பெங்களூரிலோ தில்லியிலோ வளரும் தமிழ்க் குழந்தையை எண்ணிப் பாருங்கள். பள்ளியில் தமிழ் இல்லை. தெருவில் தமிழ் இல்லை. வீட்டில் இருக்கிறது. ஆனால் என்ன தமிழ்? 'எழுந்திரு', 'குளி', 'கைப்பேசியைக் கீழே வை', 'அடி வாங்குவாய்'. காலை முதல் இரவு வரை ஏவலும் ஏசலும். திரையிலோ ஒருவர் தமிழிலே காதலிக்கிறார், தமிழிலே கோபப்படுகிறார், தமிழிலே நகைக்கிறார், தமிழிலே வெல்கிறார். அயல்மொழி பேசும் வகுப்புத் தோழர்களும் அவர் பெயரை அறிந்திருக்கிறார்கள். தன் மொழிக்கு வெளியுலகில் ஒரு மதிப்பு உண்டு என்பதை அக்குழந்தை அவர் ஒருவரிடத்தில்தான் காண்கிறது. தமிழெழுத்தைப் படிக்கத் தெரியாத பிள்ளை ஒரு நடிகரின் வசனத்தைப் பிழையின்றிப் பேசுவதைக் கேட்டு நீங்கள் நகைத்திருக்கலாம். நகைக்க வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறோம். அது நட்சத்திர மோகம் மட்டும் அன்று; பற்றிக்கொள்ள அதன் கைக்கு எட்டிய தமிழ்க் கொம்பு அது ஒன்றே.

ஆகவே அக்கொம்பை ஒடிப்பது பயன்தராது. நல்லேப்பிள்ளியில் ஒடித்துப் பார்த்தவர்கள் உண்டு. சுவரிலிருந்த நடிகர் படத்தைத் தந்தை கிழித்தார். மகன் புத்தகத்துக்குள் ஒட்டிக்கொண்டான். நட்சத்திரத்தின் பக்கத்தில் இன்னொருவரையும் நிறுத்துவதே செய்யத்தக்கது. அந்த இன்னொருவர் பெரும்பாலும் நாமாகத்தான் இருக்க வேண்டும் என்பதுதான் இதிலுள்ள சங்கடம்.

சச்சின் தெண்டுல்கரை அறியாத குழந்தை இல்லை. புகையிலை விளம்பரத்தில் தோன்ற அவர் மறுத்துவந்தார். காரணம் கேட்டபோது, தம் தந்தைக்குக் கொடுத்த வாக்கு என்று கூறினார். தந்தை இரமேஷ் தெண்டுல்கர் மராத்தி எழுத்தாளர், பேராசிரியர். கோடிக்கணக்கான சிறுவர்கள் பார்த்து நடந்த அந்த மனிதர் தாம் பார்த்து நடந்தது, வீட்டிலிருந்த ஒருவரை. எம்.ஜி.ஆரும் அவ்வாறே தம் சிறுவயதுப் பசியையும், தம்மை வளர்க்கத் தாய் பட்ட பாட்டையும் மறவாமல் சொல்லிவந்தார். 1982 ஜூலை முதல் நாள் அவர் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் வேர் அப்பசியில் இருக்கிறது. நம் பிள்ளை எம்.ஜி.ஆர். படத்தைப் பார்த்துக் கைதட்டும்போது, 'அவர் கத்திச் சண்டை போட்டார்' என்பதோடு நிறுத்தாமல், 'பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். அவருக்கு முன்பே காமராசரும் போட்டார்' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லலாம் அல்லவா? பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளாது. காட்டிக்கொள்ள வேண்டியதும் இல்லை.

சென்ற ஆண்டு நமக்குப் புனேயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நம்மிடம் படித்தவர். சுண்ணக்கட்டியை உதட்டால் கவ்விய கூட்டத்தில் முதல்வர். இப்பொழுது அங்கே ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். சிகரெட்டைப் பதினாறு வயதில் தொடங்கி நாற்பதில் விட்டாராம். உறையைப் பார்த்தவுடனே நமக்குத் திடுக்கிட்டது. நம் கையெழுத்திலேயே நமக்குக் கடிதம் வந்ததுபோல் இருந்தது. நாம் எழுதும் ழகரத்தின் வால் சற்று நீண்டு அடுத்த எழுத்தின்மேல் இடிக்கும், அது குறைதான். கரும்பலகையில் நாம் எழுதிய அந்தக் குறை, நாம் கற்பிக்காமலே, அவர் கையில் அப்படியே இருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றும் போகவில்லை. நாம் சிகரெட்டைத் தொட்டதில்லை என்று அன்று பெருமையாக எண்ணியிருந்தோம். ஆனால் பையன்கள் நம்மிடம் என்ன எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

கடிதத்தின் கீழே அவருடைய மகன், பத்து வயதினன், தமிழில் இரண்டு வரி எழுதியிருந்தான். தந்தை எழுத்துக்கூட்டிக் கொடுத்திருக்க வேண்டும். விடுமுறைக்கு நல்லேப்பிள்ளிக்கு வரும்போது எம்.ஜி.ஆர். வீட்டைப் பார்க்க வேண்டுமாம். மலையாள வீட்டுப் பிள்ளை, இலங்கையில் பிறந்தவர், தமிழை யாரிடம் கற்றார் என்று கேட்டிருந்தான்.

நாம் விடை எழுதினோம். தந்தையை இழந்து, கும்பகோணத்தில் வறுமையில் வளர்ந்து, பள்ளிப்படிப்பைச் சிறுவயதிலேயே விட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர் அவர். அங்கே வசனம் சொல்லிக்கொடுத்த வாத்தியார்களிடம் கற்றார் என்று எழுதினோம். அவ்வாத்தியார்களின் படம் எந்தச் சுவரிலும் ஒட்டப்பட்டதில்லை என்பதையும் எழுதினோம். வடவன்னூருக்குப் போகும் வழியில், சோகநாசினி ஆற்றங்கரையில், மலையாள மொழியின் தந்தையெனப் போற்றப்படும் எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்ததாகக் கூறப்படும் குருமடம் இருக்கிறது. அங்கும் சிறிது நேரம் இறங்கலாம் என்று சேர்த்தோம். ழகரத்தின் வாலை மட்டும் குறைத்து எழுதும்படி அவனைக் கேட்டுக்கொண்டோம். எழுதி முடித்துப் பார்த்தால், நம் கடிதத்திலேயே அந்த வால் மூன்று இடங்களில் நீண்டிருந்தது.

தேர்வு முடிந்ததும் வருகிறார்களாம்.