வேலையின் பாரத்தை வேலையிடத்திலேயே இறக்குவோம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. 1979-இல் அரசு சிமெண்ட் ஆலை அங்கு உற்பத்தியைத் தொடங்கியது. தனியார் ஆலைகளும் அப்பகுதியில் எழுந்தன. அவற்றுள் ஒன்றில் எடைமேடைக் கணக்கராகப் பல்லாண்டுகள் பணியாற்றினேன். எடைச்சீட்டில் ஒரு வித்தியாசம் வந்துவிட்டால் போதும், பெரம்பலூருக்குப் பேருந்து ஏறிய பின்னும் மனம் அந்த மேடையிலேயே நிற்கும். ஓரிரவு உணவு வேளையில் என் இளைய மகள், "அத்தா, எனக்குப் பரிசு கிடைத்தது" என்றாள். நானோ, "எந்த லாரி?" என்று கேட்டேன். அனைவரும் சிரித்தனர், பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அது கையெழுத்துப் போட்டிக்கான பரிசு என்பதை மறுநாள் என் மனைவி சொல்லித்தான் அறிந்தேன்.

அதன் பிறகு ஒரு வழக்கம் கைக்கொண்டேன். புறப்படும் முன், மறுநாள் முதலில் பார்க்க வேண்டிய சீட்டுகளின் எண்களை ஒரு தாளில் எழுதி, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுவேன். தாளை வீட்டிற்குக் கொண்டுவருவதில்லை. இதற்கு ஆய்வின் துணையும் உண்டு. அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தார் 57 இளையோரிடம் நடத்திய ஆய்வு 2018-இல் வெளியாயிற்று. படுக்கும் முன் 5 நிமிடம், இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியோர், செய்து முடித்தவற்றை எழுதியோரைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாக உறங்கினர்.

நமது ஹிஜ்ரிக் கணக்கில் நாள் மஃரிபில் பிறக்கிறது. பிறை கண்ட இரவே தராவீஹ் தொழுகிறோமல்லவா? அவ்வாறிருக்க, முடிந்த நாளின் வழக்கைப் புதிய நாளுக்குள் ஏன் இழுத்து வர வேண்டும்? இரவு ஷிப்டில் உழைப்போருக்கு மட்டும் இக்கணக்கு பொருந்தாது. அவர்கள் காலையில் வீடு திரும்பும் நேரமே அவர்களது மஃரிப் என எண்ணி, வீட்டார் குடும்பப் பஞ்சாயத்துகளைச் சற்றே ஒத்திவைக்க வேண்டும்.

ஆயினும் அளவுக்கு மீறிய வேலை நேரத்தைத் தாளில் எழுதித் தீர்த்துவிட முடியாது. வாரத்திற்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு கூடுதல் என உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் அறிவித்தன. கடை நடத்தும் சகோதரர்கள் தங்கள் நேரத்தைக் கூட்டிப் பார்க்கட்டும்; தங்களிடம் வேலை செய்யும் பிள்ளைகளின் நேரத்தையும் சேர்த்தே. இரவு 11 மணிக்கு அலைபேசியில் அழைத்துச் சரக்கு இருப்பு கேட்கும் முதலாளிமார் இக்கூட்டத்திலும் அமர்ந்திருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். இன்றிரவு மட்டுமாவது அழைக்காதிருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.