ஓரம் வெட்டின புத்தகம்

மாடியில் உட்கார்ந்து பேசுகிறேன், கீழே குக்கர் சத்தம் கேட்டால் பொறுத்துக்கோங்க.

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "வேலைக்கும் போய்க்கிட்டு இதுக்கெல்லாம் எங்கேருந்து நேரம்?" நேரமெல்லாம் இல்லைங்க. நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள். மார்ச் மாதம் முழுக்க ஊசியைத் தொடவே மாட்டேன். மற்ற நாட்களில் ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு முக்கால் மணி நேரம் கிடைக்கும். ஒரு நாள் படிப்பேன், ஒரு நாள் தைப்பேன். ஞாயிற்றுக்கிழமை வெயில் நல்லா இருந்தா படம். அவ்வளவுதான் என் கலை வாழ்க்கை. இன்னிக்குச் சொல்ல வந்தது நான் கெடுத்த ஒரு புத்தகத்தைப் பற்றி.

லால்குடியில் எங்க பெரியம்மா இருக்காங்க. எண்பது தாண்டிருச்சு. இரண்டு வருஷம் முன்னாடி பரணைச் சுத்தம் பண்ணும்போது டிரங்குப் பெட்டியிலிருந்து நாலு கட்டுகளை எடுத்து என் மடியில் வைத்தாங்க. "நீதான் இந்த வேலையெல்லாம் பண்றியே, இதைக் கட்டிக் கொடு." எல்லாம் பத்திரிகைத் தொடர்கள். பெரிய கட்டு 'பொன்னியின் செல்வன்'.

கல்கி அதை 1950 அக்டோபரில் ஆரம்பித்து 1954 மே வரை வாரா வாரம் எழுதினார். மணியம் படம் வரைந்தார். அதற்குப் பிறகும் அந்தப் பத்திரிகையிலேயே மறுபடி மறுபடி தொடராக வந்தது. பெரியம்மாவிடம் இருந்தது அப்படிப் பின்னால் வந்ததுதான். உங்க வீட்டிலும் இருந்திருக்கும். வீட்டில் எல்லோரும் படித்து முடிக்கிறவரை காத்திருந்து, பின்னை நெம்பி, தொடர் வந்த பக்கங்களை மட்டும் உருவி எடுத்து வைப்பாங்க. கதையின் முதுகில் தலைவலி மாத்திரை விளம்பரம் இருக்கும், பாதியில் அறுந்த ரவா லட்டுக் குறிப்பு இருக்கும். அந்த ரவா லட்டுக்கு எவ்வளவு நெய்னு இந்த ஜென்மத்தில் தெரியப்போவதில்லை.

இந்தக் கட்டுகளில் ஒரு சிக்கல். பக்கங்கள் எல்லாம் தனித்தனித் தாள். நோட்டுப் புத்தகம் மாதிரி நடுவில் மடிப்பு இருந்தால் மடிப்பில் ஊசி விட்டுத் தைக்கலாம், புத்தகம் நல்லா விரிந்து கொடுக்கும். தனித்தாளுக்கு அது நடக்காது. பைண்டிங் கடைகளில் முதுகு ஓரமாகத் துளை போட்டுப் பக்கவாட்டில் தைத்துவிடுவாங்க. கெட்டியா நிற்கும். ஆனால் உள் ஓரத்தில் இருக்கிற எழுத்தைத் தையல் விழுங்கிவிடும். "வந்தியத்தே" வரைக்கும் தெரியும், "வன்" உள்ளே போயிருக்கும். இன்னொரு வழி, இரண்டிரண்டு தாளாகச் சேர்த்து நடுவில் மெல்லிய காகிதப் பட்டை ஒட்டி, நாமே ஒரு மடிப்பு உண்டாக்குவது. ஐந்நூறு தாள் என்றால் இருநூற்றைம்பது பட்டை. மைதாப் பசை காய்ச்சி, பூச்சி வராமல் இருக்கத் துளி மயில்துத்தம் கலந்து (விஷம், கையுறை போட்டுக்கோங்க, குழந்தைகள் இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம்) ஒவ்வொன்றாக ஒட்டணும். எனக்கு நாலு மாசம் ஆச்சு. சலிப்பே இல்லை. ஒட்டுகிற சாக்கில் ரெண்டு பக்கம் படிப்பேன், பசை காய்ந்துபோகும், மறுபடி தடவுவேன்.

படங்களையும் எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில், காமிராவை நேர் மேலே நிறுத்தி, சித்திரங்களை மட்டும் இறுக்கமா ஃபிரேம் பண்ணி. மொத்தம் 214 படம். இந்த "இறுக்கமா" என்ற வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க.

தைத்து முடித்த பிறகு ஓரம் எகிறிக்கிட்டு நின்றது. ஒவ்வொரு வாரத் தாளும் ஒவ்வொரு அளவு. எனக்குக் கணக்குப் பிரிவுப் புத்தி, மேடு பள்ளம் பொறுக்காது. கட்டிங் மெஷின் வைத்திருக்கிற ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அந்த அண்ணன் நல்ல மனுஷர். புரட்டிப் பார்த்துவிட்டு, "நேரா வரணும்னா மூணு பக்கமும் அரை அங்குலம் போகும்மா. ஓரத்துல ஏதோ எழுதியிருக்கே, பரவாயில்லையா?" என்று கேட்டார். கேட்டார் என்பதைச் சொல்லியாகணும். பென்சில் கிறுக்கலை நானும் நாலு மாசமாப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். பால் கணக்கு, வண்ணான் கணக்கு என்று நினைத்தேன். போனால் சுத்தமாத்தானே இருக்கும்? "வெட்டுங்கண்ணே" என்றேன். ஒரே அழுத்து. விளிம்பு வெண்ணெய் மாதிரி வந்தது. அந்த விளிம்பையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன், அது வேற.

பெரியம்மா புத்தகத்தை வாங்கி, காலிகோ முதுகைத் தடவிப் பார்த்தாங்க. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்தாங்க. அப்புறம் இன்னொரு பக்கம். கதையை அவங்க பார்க்கவே இல்லை, ஓரத்தைத்தான் பார்த்தாங்க. "நல்லாக் கட்டியிருக்கே" என்று சொல்லிவிட்டுக் காபி போட எழுந்து போயிட்டாங்க.

விஷயம் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெரியம்மா வாழ்க்கைப்பட்டது பதினாலு பேர் இருந்த வீடு. தனக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்க முடியாது; வைத்தால் யாராவது பிரிப்பாங்க. தொடர்கதைத் தாளின் ஓரத்தை யார் பார்க்கப்போறாங்க? அதனால் அங்கே எழுதியிருக்காங்க. பத்து வருஷத்துக்கும் மேல, வாரத்துக்கு ஒரு வரி, ரெண்டு வரி.

நான் மறுநாள் காலையில் அந்தக் கடைக்கு ஓடினேன். வெட்டின சீவல் மூட்டை முந்தின வாரமே எடைக்குப் போயிருந்தது.

வீட்டுக்கு வந்து 214 படத்தையும் கணினியில் பெரிசாக்கிப் பார்த்தேன். ஓரம் தெரிந்தவை பத்தொன்பது. அதுவும் நான் கை தவறிச் சரியா ஃபிரேம் பண்ணாத படங்கள்! நல்லா எடுத்த படம் எதிலும் ஒரு எழுத்து இல்லை. புத்தகத்தில் வால் மட்டும் மிஞ்சியிருந்தது. "...க்கு ஜுரம் விட்டது." "...யாரிடமும் சொல்லவில்லை." "...மழை, வரவில்லை."

அடுத்த மூணு மாசம், மாதம் இரண்டு ஞாயிறு லால்குடி போனேன். மன்னிப்புக் கேட்டதும் அவங்க, "அதெல்லாம் என்ன சாசனமா?" என்று சிரிச்சுட்டாங்க. ஆனால் படத்தைக் காட்டி வாலைப் படித்தால் தலையைச் சொல்வாங்க. ஜுரம் விட்டது என் அம்மாவுக்கு. மழையில் வராதது, அவங்க அப்பா; தலை தீபாவளிக்கு அழைச்சுக்கிட்டுப் போக வருவார் என்று வாசலில் நின்றிருக்காங்க. சிலதுக்கு "ஞாபகமில்லை". யாரிடமும் சொல்லாதது என்னன்னு கேட்டேன். "எழுதினப்பவே சொல்லலையே, இப்ப எதுக்கு?" அதோடு அந்தப் பேச்சு முடிஞ்சது. வெட்டுப்பட்டதில் அந்த ஒரு வரிக்கு மட்டும் அவங்களுக்குச் சந்தோஷமோ என்னவோ.

சொன்னதை எல்லாம் தனிச்சீட்டில் எழுதி அந்தந்தப் பக்கத்தில் ஒட்டலாமா என்றேன். "உன் கையெழுத்துல எனக்கு எதுக்கு?" என்றாங்க. சரின்னு விட்டுட்டேன்.

இப்போ இரண்டாவது கட்டு போய்க்கிட்டிருக்கு. முதல் வேலையா ஒவ்வொரு தாளையும் நாலு விளிம்பும் தெரிகிற மாதிரி, சுற்றிலும் கறுப்பு அட்டை தெரிய, முழுசாப் படம் எடுத்தாச்சு. ஓரம் வெட்டப்போவதில்லை. மேடு பள்ளமாத்தான் இருக்கும். விளிம்பு மடங்காமல் இருக்க அட்டையைக் கொஞ்சம் பெரிசா வைக்கிறேன். இழை எந்தத் திசையில் ஓடுதுன்னு பார்த்து முதுகுக்கு இணையா வைக்கணும், இல்லைன்னா பசை ஈரத்தில் அட்டை அப்பளம் மாதிரி வளைந்துவிடும்.

உள் அட்டைத் தாளுக்குச் சயனோடைப். போன தடவை கேட்டவங்களுக்காகச் சுருக்கமா: ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடிச்ச முறை. அடுத்த வருஷமே ஆனா அட்கின்ஸ் கடல்பாசிகளை இப்படி நீலத்தில் பதித்துப் புத்தகமாகவே கொண்டுவர ஆரம்பிச்சாங்க. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு இரண்டையும் கரைத்துக் கலந்து மங்கலான வெளிச்சத்தில் தாளில் பூசிக் காயவைக்கணும். மேலே இலையை வைத்துக் கண்ணாடி போட்டு வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் இலை இருந்த இடம் வெள்ளை, மற்றதெல்லாம் நீலம். எங்க மாடி வெயிலுக்கு ஆறு நிமிஷம் போதுமாக இருக்கு. எங்க போர்த் தண்ணி உப்பு, நீலம் வெளிறிப்போச்சு. அலசும் தண்ணீரில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டதும் சரியாச்சு.

பெரியம்மா வீட்டுப் பவழமல்லி இலையைத்தான் பதித்தேன். காட்டினால், "சொட்டு நீலம் கொட்டின வேட்டி மாதிரி இருக்கு" என்றாங்க. அப்புறம் அந்தத் தாளைத் திருப்பி, வெள்ளையா இருந்த பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பென்சில் இருக்கான்னு கேட்டாங்க. கொடுத்தேன். என்ன எழுதினாங்கன்னு நான் பார்க்கலை. அந்தப் பக்கத்தில்தான் பசை தடவி அட்டையில் ஒட்டணும். ஒட்டிட்டேன்.