ஒரு வரிச்சீட்டின் வரலாறு



ஓர் ஊரக வட்ட மன்றம் எண்பதாண்டு வாழ்ந்து மறைந்தது. கட்டிய வீடுகளால் அன்று. தர மறுத்த ஒரு தாளினாலேயே அது வரலாற்றில் நிற்கின்றது.

வேல்சு நாட்டின் தென்பகுதியில், இலனெல்லி நகரைச் சூழ்ந்த சிற்றூர்களை ஆள, 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தோன்றியது இலனெல்லி ஊரக வட்ட மன்றம். வட்டத்து மக்களுள் பெரும்பாலோர் வேல்சு மொழி பேசுவோர். ஆயினும் மன்றம் விடுத்த வீட்டுவரிச் சீட்டு ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. 1536-இல் வேல்சைத் தன்னோடு இணைத்த இங்கிலாந்து, முறைமன்றங்களுக்கு ஆங்கிலமே மொழி எனச் சட்டமியற்றியது. நானூறாண்டு கடந்தும் அத்தளை முற்றும் அறவில்லை.

1952-இல், இலங்கெனெக்கு என்னும் சிற்றூரில் வாழ்ந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் திரெவர் பீசிலியும், ஆசிரியப் பணி செய்த அவர்தம் துணைவியார் ஐலீனும் வேல்சு மொழியில் சீட்டுக் கேட்டனர். அது வரும்வரை வரி செலுத்த மறுத்தனர். மன்றம் வழக்குத் தொடுத்தது. பத்துக்கும் மேற்பட்ட முறை அவர்கள் முறைமன்றப் படியேறினர். ஏவலர் வந்து வீட்டுப் பொருள்களை அள்ளிச் சென்றனர், பியானோவும் போயிற்று. இல்லம் வெறுமையாயிற்று, உள்ளம் தளரவில்லை. எட்டாண்டுகளுக்குப் பின், 1960-இல், இருமொழிச் சீட்டு வந்தது. மன்றம் பணிந்தது!

1962-இல் அறிஞர் சாண்டர்சு இலூயிசு, தம் மொழியின் எதிர்காலம் பற்றி வானொலியில் உரையாற்றுகையில், இவ்விணையரையே எடுத்துக்காட்டினார். அவ்வாண்டே வேல்சு மொழிக் கழகம் பிறந்தது. 1967-இலும் 1993-இலும் மொழிச் சட்டங்கள் வந்தன. 2011-இல் வேல்சு மொழி அந்நாட்டின் ஆட்சிமொழி எனச் சட்டத்தால் உறுதியாயிற்று.

இலனெல்லி ஊரக வட்ட மன்றமோ 1974 ஏப்பிரல் முதல் நாள் கலைக்கப்பட்டது. ஐலீன் அம்மையார் 2012-இல் மறைந்தார்.

அவர்களை எதிர்த்து நின்றது தொலைவிலிருந்த இலண்டன் அன்று. உள்ளூர் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமே என்பதை எண்ணிப் பாருங்கள். அயலான் பூட்டிய விலங்கைத் தன்னினத்தானே காத்து நின்றான். மொழி வீழ்வது பகைவனால் மட்டுமன்று. 'இதுவே வழக்கம்' என்று வாளாவிருப்போராலுமே. கையில் வரும் ஒவ்வொரு தாளையும் தாய்மொழியில் கேட்பவனே மொழிகாப்பவன். கேளாதார்க்கு எதுவும் கிட்டாது!