சிறாரும் ஏரிக் கல்வியும்

(பழவேற்காட்டில் நடைபெற்ற சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் எம்மை ஏரியைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். வலைக்கயிறு இழுத்துத் தழும்பேறிய கைகளையுடைய பெரியோர் முன்னிலையில் யாம் ஏரியைப் பற்றிப் பேசுவது, கொல்லத் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். ஆயினும், பள்ளிக்கும் ஏரிக்கும் இடையே வளர்ந்துவரும் பிரிவு எம்மைப் பேசத் தூண்டுகின்றது.

நம் சிறார் இமயத்தின் உயரத்தையும் நைல் நதியின் நீளத்தையும் பிழையின்றி ஒப்புவிக்கின்றனர். தம் வீட்டு வாயிலிற் கிடக்கும் ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகின்றது என்று வினவினால் விழிக்கின்றனர். இக்குறை அவருடையதன்று. சுற்றுச்சூழற் கல்வி எல்லாப் பள்ளிகளிலும் வேண்டுமென உச்ச நீதிமன்றம் 1991-இல் ஆணையிட்டது. 2001-இல் தேசிய பசுமைப் படை தோன்றியது. பாடம் வந்தது, ஆனால் நம் ஏரி அப்பாடத்துள் புகவில்லை. வீட்டிலோ, "படிக்கிற பிள்ளைக்கு ஏரி எதற்கு?" என்கின்றோம். இவ்வாறு, பள்ளியும் சொல்லாது வீடும் சொல்லாது விடுவதால், பல தலைமுறையின் அறிவு ஒரே தலைமுறையில் அற்றுப்போகும் நிலை நேர்ந்துள்ளது.

கற்பிக்க வேண்டுவது யாது? இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவிற்கு அடுத்துப் பெரியது நம் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. ஆரணியாறும் காளங்கியாறும் மழைக்காலத்தில் நன்னீர் கொணர்கின்றன. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டைத் தீவு கடலை மறித்து நிற்க, முகத்துவாரத்தின் வழியே உவர்நீர் ஏறி இறங்குகின்றது. இவ்விருநீர்க் கலப்பே நம் பிழைப்பு.

வெள்ளை இறால் முட்டையிடுவது ஏரியில் அன்று, கடலில். அதன் நுண்ணிய குஞ்சுகள் ஓதத்தோடு உட்புகுந்து, இங்கே வளர்ந்து, மீண்டும் கடல் நோக்கிச் செல்கின்றன. செல்லும் வழியில் நம் வலையிற் படுகின்றன. மடவையும் கடலிற் பிறந்து கழியில் வளர்வதே. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் ஏரிக்குத் தொண்டை அடைபட்டதாகும். அம்மணலைத் தள்ளுவது மழைவெள்ளம். மேற்புலத்தில் ஆறு வறண்டால் அவ்வலியும் குன்றும். எங்கோ பெய்யும் மழைக்கும் தன் வீட்டு உலைக்கும் உள்ள தொடர்பைச் சிறுவன் அன்றே உணர்வான்.

அடுத்துக் கற்பிக்க வேண்டுவது பாடு. இச்சொல்லுக்கு இடம், உழைப்பு, வருத்தம், பெருமை எனப் பல பொருள் உண்டு. நம் வழக்கில் அனைத்தும் பொருந்துகின்றன. நல்ல இடங்களை வலியவர் கைப்பற்றாதபடி, தலைக்கட்டுகள் கூடிச் சீட்டிட்டு, முறைவைத்து வலை கட்டும் ஒழுங்கை நம் முன்னோர் வகுத்தனர். இலங்கையின் நீர்கொழும்புக் கழியிலும் இதனை ஒத்த சீட்டுமுறை உண்டு. பொதுச் சொத்தைப் பூசலின்றி நுகரும் இக்கலையை நம் சிறார் எந்தப் பாடநூலிலும் காணார்.

அன்பர்களே, ஈண்டு ஒன்று கூறத் துணிகின்றோம், பொறுத்தருள்க. பாடு நமக்குள் நீதி செய்தது. பாடு இல்லாதாரும் இவ்வேரியால் வாழ்கின்றனர். இடுப்பளவு நீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் மகளிர்க்கு எச்சீட்டில் இடம் உண்டு? மேலும், யாருடைய முறை என்பதைச் சீட்டுச் சொல்லும். குஞ்சும் தப்பாத சிறுகண் வலையை அது தடுக்காது. ஏரி குன்றினால் நம் முறையால் பயன் என்னை? ஆதலின் எல்லாக் குலத்துச் சிறாரும் ஒரே வரிசையில் அமர்ந்து இக்கல்வி பெறல் வேண்டும்.

நெடுந்தொலைவு செல்ல வேண்டா. தெற்கே எண்ணூர்க் கழியில், 2023 டிசம்பரில் மிக்சாங் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி, வலையும் படகும் கறுத்ததைக் கண்டோம். மறுபுறம், சிலிகாவில் 2000-இல் கடலுக்குப் புதுவாய் வெட்டியபின் மீன்வளம் பெருகியது. கெடுவதும் மீள்வதும் மக்கள் செயலாலேயே.

செய்யத்தக்கன எளியன. ஒவ்வோர் அமாவாசையும் பௌர்ணமியும் மாணவர் முகத்துவாரத்தின் அகலம், நீரின் உவர்ப்பு, அன்று ஏலத்திற்கு வந்த மீன்வகை ஆகியவற்றை ஏட்டிற் குறிக்கட்டும். திங்கள் ஒருமுறை முதியவர் ஒருவர் வகுப்பிற்கு வந்து காற்றும் நீரோட்டமும் பாடும் சொல்லட்டும். காரணத்தை ஆசிரியர் விளக்கட்டும். அறுந்த நைலான் வலையை நீரில் எறியாது கரையிற் சேர்க்கும் வழக்கத்தைப் பிள்ளைகள் தொடங்கட்டும், பெற்றோர் பின்பற்றுக. பத்தாண்டில் அவ்வேடுகள், அதிகாரிகள்முன் நாம் வைக்கத்தக்க சான்றாகும். கண்ணீரினும் கணக்கிற்கு மதிப்பு மிகுதி.

நற்றிணையில் ஒரு நெய்தற் பாட்டு உண்டு. தாம் விளையாடி மணலில் அழுத்திய விதை முளைத்துப் புன்னையாயிற்று. அதனை மகளின் உடன்பிறந்தாள் என்று தாய் கூறுகின்றாள். அத்தாய் எந்தப் பள்ளியிலும் சுற்றுச்சூழல் கற்றவளல்லள். நம் தாய்மாரும் இவ்வேரியை அவ்வாறே தம் மக்கட்கு உறவாக்கிக் காட்டுவாராக! படித்து மேனிலை எய்தும் நம் பிள்ளைகள் எவ்வூர் சென்றாலும், இவ்வேரிக்காக வாதாட வல்லவராய் வளர்வாராக!