பழைய காரின் முன்சில்லு



மொரிஸ் மைனர் என்னும் சிறிய காரை அறியாதவர் நம் நாட்டில் அரியர். 1948ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதல் காட்டப்பட்டு, 1971 வரை செய்யப்பட்ட கார் அது. பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். அவற்றுள் ஒன்று 1966இல், முன்பு வேறொருவர் ஓட்டியதாக, என் தந்தையார் கைக்கு வந்தது. இன்றும் எங்கள் யாழ்ப்பாண வீட்டுக் கொட்டகையில் அது நிற்கிறது. அதன் முன்சில்லைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். கார் இல்லாத நேயர்கள் பொறுத்தருள்க.

2013ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு மாலை, தாயாரை நல்லூருக்கு அழைத்துச் சென்று திரும்பினேன். எங்கள் ஒழுங்கையில், படலைக்குள் காரைத் திருப்பும்போது ‘மளுக்’கென்று ஒரு சத்தம். தாயார் அமர்ந்திருந்த இடப்பக்கம் அப்படியே தாழ்ந்தது. இறங்கிப் பார்த்தால், முன்சில்லு உடைந்த கொக்குக் காலைப் போல மடிந்து கிடந்தது. கார் அப்போது நடக்கும் வேகத்தில்தான் வந்தது, ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் முதல்நாள்தான் அதே காரில், அதே தாயாருடன், ஆனையிறவுக் கடலின் நடுவே செல்லும் வீதியால் கிளிநொச்சிக்குப் போய் வந்திருந்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் அயலிலுள்ள முதிய மெக்கானிக் ஒருவர் வந்து குனிந்து பார்த்தார். “மாஸ்டர், இதுக்குக் கடைசியா எப்ப கிரீஸ் அடிச்சனீங்கள்?” என்று கேட்டார். என்னிடம் விடை இருக்கவில்லை.

இக்காரின் முன்சில்லு எப்படித் தாங்கப்படுகிறது என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். சில்லைத் தாங்கும் கிங்பின் நிலைக்குத்தாக நிற்கும். அதன் மேல்நுனியிலும் கீழ்நுனியிலும் திருகுப் புரி வெட்டப்பட்டிருக்கும். இரு நுனிகளும் ட்ரனியன் எனப்படும் புரியுள்ள கூடுகளுள் திருகி நிற்கின்றன. மேற்கூடு ஷொக் அப்சோபரின் கையோடு பொருந்தும். கீழ்க்கூடு கீழ்க்கையோடு பொருந்தும். கீழ்க்கையை, காரின் நீளவாட்டில் கிடக்கும் டோர்ஷன் பார் என்ற உருக்குக் கம்பி முறுகி நின்று தாங்குகிறது. ஸ்டியரிங்கைத் திருப்புந்தோறும் கிங்பின் அந்தக் கூடுகளுக்குள் சிறிது திருகி ஏறி இறங்கும். கிரீஸ் வற்றினால் புரி தேயும். தேய்ந்த புரி ஒருநாள் கூட்டை விட்டுக் கழன்றுவிடும். பெரும்பாலும் கீழ்க்கூடே முதலில் கைவிடுகிறது. அதுவும் சில்லை நன்றாக ஒடித்துத் திருப்பும் வேளையில். எனக்கு நேர்ந்தது அதுவே.

பாகம் தேடிய கதை நீண்டது. நண்பர் ஒருவர் தம் வளவில் துருவேறிக் கிடந்த காரிலிருந்து ஒரு கூட்டைக் கழற்றித் தந்தார். மெக்கானிக் அதைக் கிங்பின்னில் ஏற்றி ஆட்டிக் காட்டினார். தளர்ந்த பல்லைப் போல் ஆடியது. பட்டறையில் கடைந்து எடுக்கலாமே என்றேன். 1990இன் பின், பாதை மூடிப் பாகம் வராதிருந்த காலத்தில், மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய அக்காலத்தில், அவரே அப்படிப் பல கார்களை ஓடச் செய்தவர். ஆயினும் இம்முறை மறுத்துவிட்டார். அன்று வேறு வழி இருக்கவில்லை; இன்று இருக்கிறது என்பது அவர் வாதம். நான் அதை ஏற்றேன்.

கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குச் சென்றேன். ஒரு கடையில் புதிய கூடு கிடைத்தது. மகிழ்ச்சியோடு கொண்டுவந்தால், பொருந்தவில்லை. இக்காரில் ஒரு பக்கத்துக்கு வலம்புரி, மறுபக்கத்துக்கு இடம்புரி. சங்குக்கு மட்டுமே உரிய சொற்கள் என்று நான் எண்ணியிருந்தவை இரும்புக்கும் உரியவையாம்! கடைக்காரரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஈற்றில் இலண்டனிலுள்ள மருமகன், கிங்பின்னையும் அதற்குரிய இரு கூடுகளையும் இரண்டு பக்கத்துக்குமாக வாங்கி, விடுமுறைக்கு வந்தபோது பெட்டியில் கொண்டுவந்தான். அவன் உடுப்புகளைவிட அவை பாரமாயிருந்தன. தேய்ந்த பின்னில் புதிய கூட்டைப் பூட்டினால் புதியதும் விரைவில் தேயும். ஆகவே இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

பூட்டும் வேலையில் நான் உதவியாளன். காரை உயர்த்தி, ஜாக்கை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளில் நிறுத்தினோம். முறுகிய டோர்ஷன் பாரின் விசை கீழ்க்கையில் நிற்பதால், அதற்கு முட்டுக் கொடுக்காமல் ஓர் ஆணியையும் தொட அவர் விடவில்லை. கூட்டை முடிவரை திருகி ஏற்றியபின் சற்றுப் பின்னே திருப்பி, சில்லு இரு பக்கமும் முழுமையாகத் திரும்புகிறதா என்று பார்த்தார். இறப்பர் புஷ்களின் ஆணிகளை, கார் தன் பாரத்தோடு நிலத்தில் நின்ற பின்னரே இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால் இறப்பர் முறுகிக் கிழிந்துவிடுமாம்.

இத்தகைய கார் வைத்திருக்கும் நேயர்கள் இன்றே ஒரு சோதனை செய்யலாம். முன்சில்லை நிலத்திலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் செய்து மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் குறை சில்லின் பெயரிங்கில். நில்லாவிட்டால் கிங்பின்னிலும் கூடுகளிலும் பாருங்கள். கிரீஸ் அடிக்கும்போதும் சில்லு தூக்கியே இருக்கட்டும். பாரம் நீங்கினால்தான் கிரீஸ் புரியின் எல்லாப் பக்கத்துக்கும் செல்லும். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள்.

எங்கள் கொட்டகைச் சுவரில் இப்போது ஒரு பாடசாலை அப்பியாசக் கொப்பி தொங்குகிறது. ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை அதில் திகதியிட்டுக் கையொப்பம் இடுகிறேன். மெக்கானிக் வரும்போதெல்லாம், பாடசாலைப் பரிசோதகரைப் போல, முதலில் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறார்.