ஓருலைச் சோறும் மூன்று தலைமுறையும்

(திருவிழாக் கால நலவாழ்வு உரையின் எழுத்து வடிவம்)

 

திருக்குறளின் 95ஆவது அதிகாரத்திற்கு ‘மருந்து’ என்று பெயர். அதைப் புரட்டிப் பார்ப்போர் ஒரு மூலிகையின் பெயரையேனும் அங்கே காணார். அதன் பெரும்பகுதி உணவையும் அளவையும் பசியையும் பற்றியதாகும். அளவு என்றவுடன், யாருக்கு எந்த அளவு என்ற வினா எழுகின்றது. மூன்று தலைமுறை கூடி வாழும் தமிழர் இல்லத்தில் உலை ஒன்று, குழம்பும் ஒன்று. தொட்டிலை விட்டு இறங்கிய குழந்தைக்கும், பள்ளி செல்லும் பெண்ணுக்கும், உழைக்கும் தந்தைக்கும், பல் விழுந்த பாட்டிக்கும் அதே சோறுதான். பரிமாறும் கை அன்பை அளக்கின்றதேயன்றி உடலின் தேவையை அளப்பதில்லை. ஆகவே ஒரே பந்தியில் ஒருவருக்கு மிகுதியும் மற்றொருவருக்குக் குறையும் நேர்ந்துவிடுகின்றன.

முதலில் குழந்தையிலிருந்து தொடங்குவோம். மூன்று கிலோ எடையுடன் பிறக்கும் குழந்தை ஓராண்டு நிறைவில் ஏறத்தாழ ஒன்பது கிலோவை எட்டுகின்றது. வாழ்நாளில் வேறெந்த ஆண்டிலும் மனித உடல் இத்தகைய வேகத்தில் வளர்வதில்லை. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டியதில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சில இல்லங்களில் பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கம் இன்னும் உண்டு. ஓராண்டு நிறையும்வரை குழந்தைக்குத் தேன் ஆகாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர், குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கக்கூடும்.

தாய்ப்பாலைப் பற்றிய இந்த அறிவுரைக்கு இம்மண்ணிலேயே ஒரு வரலாறு உண்டு. சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் 1936இல் மலாயாவுக்குப் பணியாற்ற வந்தார். அதற்கு முன் ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரை நாட்டில், புரதக்குறைவால் குழந்தைகளைக் கொல்லும் ‘குவாஷியோர்கோர்’ நோயை மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தவர் அவரே. இங்கு வந்தவர் கண்டதோ வேறு காட்சி. தாதியர் போல் உடையணிந்த விற்பனைப் பெண்கள், இனிப்பூட்டிய கெட்டிப்பாலைத் தாய்ப்பாலுக்கு நிகரானதென்று தாய்மாரிடம் கூறி விற்று வந்தனர். அதை நம்பிய தாய்மாரின் குழந்தைகள் மெலிந்து மடிந்தன. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் அவர் ஆற்றிய உரைக்குப் ‘பாலும் படுகொலையும்’ என்று தலைப்பிட்டார். பால் வணிகர் மனம் புண்படுமே என்று அவர் தயங்கவில்லை. கெட்டிப்பாலில் ஏறத்தாழப் பாதி சர்க்கரையே என்பது இன்று டப்பாவின் மீதே அச்சிடப்பட்டிருக்கின்றது. தேநீருக்கு அது சுவை சேர்க்கலாம். குழந்தையின் புட்டிக்குள் அதற்கு இடமில்லை.

ஆறு மாதத்திற்குப் பின் நேரும் குறை வேறு வகையானது. கருவில் இருந்தபோது சேமித்த இரும்புச்சத்து அக்காலத்தில் தீர்ந்துவருகின்றது. அந்நேரத்தில் ஊட்டப்படுவதோ பெரும்பாலும் குழைந்த சோறும் பருப்புத் தண்ணீரும். பருப்பின் சத்து பருப்பில்தான் இருக்கின்றது. மேலே தெளிந்து நிற்கும் நீரில் இல்லை. நன்கு மசித்த பருப்பு, கீரை, முட்டை, முள் நீக்கிய மீன் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தல் வேண்டும். மலேசியாவின் 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 22 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். வயிறு நிறைந்த குழந்தையும் ஊட்டம் குறைந்திருக்கலாம் என்பதை அவ்வெண் காட்டுகின்றது.

பள்ளிப் பருவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலை உணவின்றிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மாலையில் இனிப்புப் பானத்தால் ஈடுசெய்ய முயல்வது பயன் தராது. எலும்பு வலுப்பெறும் காலம் இதுவே. பத்து முதல் பதினெட்டு வயது வரை நாளொன்றுக்கு 1300 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து வேண்டும் என்று மலேசிய ஊட்டச்சத்துப் பரிந்துரை கூறுகின்றது. பாலும் தயிரும் மட்டுமே அதைத் தருவன அல்ல. எலும்போடு உண்ணும் நெத்திலியும், தவ்வும், முன்னோர் கூழாய்க் குடித்த கேழ்வரகும் அதைத் தருகின்றன. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. அரிசியில் அதன் முப்பதில் ஒரு பங்கு அளவே.

அடுத்து, பந்தியில் கடைசியாக அமர்பவரைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு பெண் பூப்பெய்தியதும் வீடே அவள் உணவில் கருத்தாகின்றது. உளுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று அவளுக்கு ஊட்டி மகிழ்கின்றனர். சடங்கு முடிகின்றது, கருத்தும் அத்துடன் முடிகின்றது. ஆனால் மாதந்தோறும் அவள் உடல் இழக்கும் இரும்புச்சத்தோ ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்து இழக்கப்படுகின்றது. அதே 2019 ஆய்வு, மகப்பேற்று வயதுப் பெண்களில் பத்தில் மூவருக்கு இரத்தசோகை இருப்பதைக் கண்டது. அவர்கள் எல்லாரும் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். கணவரும் பிள்ளைகளும் உண்டபின், மீன் துண்டு தீர்ந்த குழம்பையும் அடிச்சோற்றையும் உண்டு எழுந்தவர்களும் அவர்களுள் இருப்பர். இதைத் தியாகம் என்று போற்றுவோர், அவளுக்கு ஏற்படும் மூச்சிரைப்பையும் களைப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உணவோடு சேர்த்து அருந்தும் தேநீர், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கின்றது. தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, உணவோடு எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்தால் உடல் அதைக் கூடுதலாக ஏற்கும். கருவுற்றோர் கிளினிக்கில் பெறும் இரும்பு மாத்திரைக்கும் இது பொருந்தும். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைப்பதும், காய்கனிகளை விலக்குவதும் அறவே வேண்டாம். பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகத் தேவை. நீரும் கூடுதலாக வேண்டும். பூண்டும் சுறாப்புட்டும் நல்லவையே. அவற்றோடு மற்றவையும் இருக்கட்டும்.

இனி நடுவயது. அரிசிச் சோற்றைக் குறை கூறுவோர் பலர். அதன் பெருமையையும் சற்றுக் கூற வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘பெரிபெரி’ நோய் மலாயாவில் ஆயிரக்கணக்கானோரை வாட்டியது. தமிழ்த் தொழிலாளரிடையே அது அரிதாகவே காணப்பட்டது. அவர்கள் உண்டது புழுங்கல் அரிசி என்பதை நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் உற்று நோக்கினார். 1905இல் மருத்துவர் பிளெட்சர், கோலாலம்பூர் மனநல விடுதியில் ஒரு பிரிவினருக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும், மறு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் அளித்துப் பார்த்தார். நோய் முன்னவரையே பற்றியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகின்றது என்பது பின்னாளில் விளங்கிற்று. ஆராய்ச்சிக்கூடம் கண்டறியும் முன்பே தோட்டத்து அடுப்பு அதைக் கைக்கொண்டிருந்தது.

ஆயினும் அந்தச் சோற்றை உண்டவர் இருள் பிரியுமுன் எழுந்து, பிரட்டுக்களம் சென்று, நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, வாளி சுமந்து திரும்பியவர். அவர் பேரன் காரில் சென்று நாற்காலியில் அமர்ந்து வேலை செய்கின்றான். வேலை மாறிற்று, தட்டு மாறவில்லை. சோற்றின் அளவு தாத்தாவின் அளவே. அதன்மேல் ரொட்டி சானாயும் இனிப்புத் தேநீரும் வேறு. 2019 ஆய்வில் மலேசியப் பெரியோரிடையே நீரிழிவு 18.3 விழுக்காடாக இருந்தபோது, இந்தியரிடையே அது 31.4 விழுக்காடாக இருந்தது. மூவரில் ஒருவர் என்பதற்கு அது மிக அருகில். நாட்டின் சுகாதார அமைச்சு ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ என்று ஓர் எளிய அளவைக் கற்பிக்கின்றது. பெயரைக் கேட்டுச் சுக்குக் கஷாயம் என்று எண்ண வேண்டாம். தட்டில் கால் பகுதி சோறு, கால் பகுதி மீன், முட்டை அல்லது பருப்பு வகை, மீதி அரைத் தட்டு காய்கனி என்பதே அதன் பொருள். வாழையிலைக்கும் இது பொருந்தும். நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் விரதம் ஏற்க விரும்பினால், முன்னதாக மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றி அமைத்துக்கொள்ளல் வேண்டும். உண்ணாதிருக்கும் வேளையில் சர்க்கரை திடீரென இறங்குவது உயிருக்கே இடராகலாம்.

நிறைவாக முதியோர். “வயதாயிற்று, இனி என்ன, கஞ்சி போதும்” என்பது வீட்டில் அன்போடு சொல்லப்படும் சொல். முதியவருக்குச் சோறு குறைவாகப் போதும் என்பது உண்மையே. ஆனால் தசை கரையும் வயதில் புரதம் குறையலாகாது. ஒவ்வொரு கிலோ எடைக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது முதியோர் நலம் ஆய்ந்தோரின் பரிந்துரை. ஐம்பது கிலோ எடையுள்ள பாட்டிக்கு அது 50 முதல் 60 கிராம் ஆகின்றது. நீர்த்த கஞ்சி ஒரு கிண்ணத்தில் இரண்டு மூன்று கிராமுக்கு மேல் தேறாது. அதில் ஒரு முட்டையை அடித்துக் கலந்தால் ஆறு கிராம் சேர்கின்றது. பாசிப்பயறோ மசித்த மீனோ சேர்த்தால் இன்னும் கூடும். சிறுநீரக நோயுள்ளவர் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவையே கடைப்பிடித்தல் வேண்டும். முதுமையில் தாகம் உணரும் ஆற்றலும் குறைகின்றது. ஆகவே அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் தண்ணீர் கொடுத்தல் வேண்டும்.

இன்னொன்று. பாதத்தில் எரிச்சல், நடையில் தள்ளாட்டம், மறதி ஆகியவற்றை ‘வயது’ என்று சொல்லி ஒதுக்கிவிடுகின்றனர். சில வேளைகளில் அது உயிர்ச்சத்து பி12 குறைவாக இருக்கும். முதுமையில் இரைப்பை அமிலம் குறைவதால் உணவிலுள்ள பி12 சரிவரச் சேர்வதில்லை. தாவர உணவில் அது இயல்பாக இல்லை. மரக்கறி உண்போருக்குப் பாலும் தயிருமே அதற்கு வழி. நீரிழிவுக்கு மெட்பார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோரிடமும் இக்குறை காணப்படுகின்றது. ஓர் இரத்தப் பரிசோதனை இதைக் காட்டிவிடும். மாத்திரையோ ஊசியோ கொண்டு குறையை நிரப்பலாம். ஆனால் நாளாக ஆக நரம்பின் பழுது நிலைத்துவிடும். பாட்டியை அடுத்தமுறை கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும் பேரனோ பேத்தியோ மருத்துவரிடம் இதையும் கேட்டறிந்து வரலாம்.